நடுவரை அனுப்புவது யார்?

காற்பந்துத் திடலுக்குப் போன எந்த மலேசியருக்கும் 'ரெஃப்ரி காயு!' என்ற கூச்சல் புதிதல்ல. காயு என்றால் மரக்கட்டை. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு சூப்பர் லீக்குக்கு வந்தபோது, நானும் என் இடைநிலைப்பள்ளி நண்பர்களும் கிள்ளானிலிருந்து கிளம்பிப் போய்த் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவிலிருந்து முளைத்த குழு அல்லவா? நமக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை. (அந்தக் குழு 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அது தனி வருத்தம்.) தொண்ணூறு நிமிடமும் நடுவரைத் திட்டினோமே தவிர, இந்த ஆட்டத்துக்கு இவரை அனுப்பியது யார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு மாணவர்களுக்கான எழுவர் காற்பந்துப் போட்டியில் நடுவர் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. குழுக்கள் 16, நடுவர்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் ஒரு குழுத் தலைவனின் பெரியப்பா மகன். இன்னொருவர் கிள்ளான்காரர், கிள்ளான் பையன்களோ மூன்று குழுக்களில் இருந்தார்கள். மூன்றாமவர் முந்தைய ஆண்டு ஒரு குழுவுக்கு இரண்டு சிவப்பு அட்டை காட்டியவர். தாளும் பென்சிலுமாக இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

என் தாய்மாமா பல ஆண்டுகள் கோட்டு நடுவராக ஓடியவர். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "யாரு நல்லா ஊதுவாருன்னு மட்டும் பாத்தா போதாது மாப்ள. தோத்தவன் வீட்டுக்குப் போயி என்ன சொல்லுவான்னும் பாக்கணும்" என்றார். தொழில்முறை லீக்குகளில் இதுவே பெரிய கணக்கு. நடுவரின் உடல்தகுதிச் சோதனை, மதிப்பீட்டாளர் தந்த புள்ளிகள், கடைசியாக அதே குழுவுக்கு அவர் எப்போது ஊதினார், எவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும் என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் நடுவர்கள் தாம் எந்தக் குழுவின் ரசிகர் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்தக் குழுவின் ஆட்டம் அவர்களுக்குக் கிடைக்காது.

"எதற்கு இந்தப் பாடு? குலுக்கல் போட்டுவிடு" என்றார் எங்கள் செயலாளர். இத்தாலியர்கள் அதையும் செய்து பார்த்தவர்கள். 1984-85 பருவத்தில் முதல்தர லீக்கின் நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டுப் பட்டம் பெரிய குழு எதற்கும் போகவில்லை. சிறிய வெரோனா குழு வென்றது. அதன் வரலாற்றில் அந்த ஒரு பட்டம்தான். குலுக்கலால்தான் வென்றது என்று சத்தியம் செய்வோர் உண்டு. நான் முழுதாக நம்பவில்லை. அந்தக் குழு நன்றாகவே ஆடியது. ஆனால் குலுக்கலுக்கு அனுபவம் தெரியாது. மிகக் கடினமான ஆட்டம் கற்றுக்குட்டியின் கைக்குப் போகலாம். அந்த முறை நீடிக்கவில்லை. பிறகு 2006இல் யுவெண்டஸ் குழுவின் நிர்வாகி லூச்சானோ மோஜியும் நடுவர்களை நியமிக்கும் பொறுப்பாளர்களும் பேசிக்கொண்ட தொலைபேசிப் பதிவுகள் வெளியாயின. யுவெண்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து, இரண்டாம் நிலை லீக்குக்குத் தள்ளப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

என்னைச் சுட்டது நம் பக்கத்து வீட்டுக் கதை. 2010 உலகக் கிண்ணத்துக்கு முன் தென்னாப்பிரிக்கா ஆடிய நட்புமுறை ஆட்டங்களுக்கு நடுவர்களை அனுப்ப ஒரு சிங்கப்பூர் நிறுவனம் முன்வந்தது. அதன் பின்னால் இருந்தவர், ஆட்டங்களை விலைபேசும் வில்சன் ராஜ் பெருமாள். குவாத்தமாலாவைத் தென்னாப்பிரிக்கா 5-0 என வென்ற ஆட்டத்தின் நடுவர் இப்ராஹிம் சைபுவுக்கு 2019இல் ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது. 1994இல் நம் லீக்கை உலுக்கிய ஊழலில் சிக்கியவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள். ஆட்டக்காரர்களை வாங்கப் பலரிடம் பேச வேண்டும். பட்டியல் கையில் இருந்தால் ஒருவர் போதும். பெருமாள் கண்டுகொண்டது அதைத்தான்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அறைத்தோழன், மலாய்க்காரன், எட்டிப் பார்த்துவிட்டு "உங்க ஆளா?" என்றான். கேலிதான். ஆனாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே சிங்கப்பூரைச் சேர்ந்த ஜார்ஜ் கோவிந்தசாமி சுப்பையா 1974 உலகக் கிண்ணத்தில் மூனிக் நகரில் போலந்து - ஹைத்தி ஆட்டத்துக்கு நடுவராக நின்றார் என்றேன். அவன் விடுவானா? 2010இல் நம் சுப்கிடின் முகமட் சாலே நான்காவது நடுவராக இருந்ததைச் சொன்னான். பெருமாளின் ஆட்கள் ஊதிய அதே தென்னாப்பிரிக்காவில், சில வாரம் கழித்து! அன்று இருவரும் ஒரு மீ கோரேங்கைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

2024 முதல் நம் சூப்பர் லீக்கில் காணொளி உதவி நடுவர் முறை வந்துவிட்டது. எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது என்கிறார்கள். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்பவரையும் யாரோ ஒருவர்தான் நியமிக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் போட்டிக்கு நான் செய்தது இதுதான். ஒவ்வொரு நடுவரும் தம் ஊர், படித்த பள்ளி, உறவினர் ஆடும் குழு ஆகியவற்றை எழுதித் தரவேண்டும். அவற்றை நீக்கியபின், கடினமான ஆட்டங்களுக்கு அனுபவசாலி, மற்றவற்றுக்குக் குலுக்கல். காரணத்தையும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அரையிறுதிக்கு முன்தினம் ஒரு குழுத் தலைவன் வந்தான். ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்து மேசைக்காரன். "நீ நம்ம கிள்ளான் ஆளுதானடா, அந்த ரெஃப்ரிய மட்டும் மாத்திவிடு" என்றான். மாட்டேன் என்றேன். மறுநாள் ஒரு பினால்டியில் அவன் குழு தோற்றது. அந்தப் பினால்டி சரியானதுதானா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை.

அவன் என்னோடு பேசுவதில்லை. இந்த ஆண்டு பட்டியல் யார் போடுவது என்று மட்டும் வேறொருவரிடம் விசாரித்தானாம். நான்தான் போடுகிறேன். இம்முறை நடுவர்கள் ஏழு பேர்.