பெயரும் இடமும்

புதுவை யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளும் ஒன்றையொன்று தொடாதவை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையில்; மாகி கேரளத்தில்; ஏனாம் ஆந்திரத்தில். காரைக்காலில் பிறந்தவனாதலின், எந்த அட்டவணையைக் கண்டாலும் என் விழி முதலில் நம் ஊர்ப்பெயரையே தேடும்.

2001, 2011 ஆகிய இரு கணக்கெடுப்புகளின் மக்கள்தொகையை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத முனைந்தேன். புள்ளியியல் பயிலும் என் மகள் 'ஆர்' என்னும் மென்பொருளைக் காட்டினாள். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் 1990களில் ஆக்கியது அது. எண்களை அணியாக அடுக்கி, நிரைக்கும் நிரலுக்கும் பெயர் சூட்டலாம்.

2011 அணியைப் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் எனவும், 2001 அணியை ஆங்கில அகரவரிசையில் காரைக்கால், மாகி, பாண்டிச்சேரி, ஏனாம் எனவும் இட்டேன். பெயர்கள்தாம் இருக்கின்றனவே என்ற துணிவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். காரைக்காலுக்கு நேரே 1,63,394 என வந்தது. பத்தாண்டில் இத்துணை வளர்ச்சியா என வியந்து ஒரு பத்தியே எழுதிவிட்டேன்! அடுத்த நிரையைப் பின்னரே கண்டேன்: மாகியில் 6,93,516 பேர் குறைந்திருந்தனர். 2011இல் அவ்வூரின் மக்கள் மொத்தமே 41,816.

"வாப்பா, கழிக்கும்போது அது பெயரைப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும்" என்றாள் மகள்.

நம் ஊரின் 2,00,222இலிருந்து மாகியின் 36,828 கழிந்திருந்தது. விடைக்கு முதல் அணியின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன; எச்சரிக்கை ஒன்றும் இல்லை. உண்மையில் 1,70,791 ஆக இருந்த நம் தொகை உயர்ந்தது 29,431 மட்டுமே. இரு வரிசையிலும் கடைசியில் நின்ற ஏனாம் மட்டும் தப்பியது. மாகியின் கழித்தற்குறி இல்லையேல், என் பெருமிதம் அச்சேறியிருக்கும்.

தமிழாசிரியனின் பிழை இது. 'மாணவன் நூலைப் படித்தான்', 'நூலை மாணவன் படித்தான்': சொல் இடம்மாறினும் வேற்றுமை உருபு பொருளைக் காக்கிறது. பெயர்ச்சீட்டும் அவ்வாறே காக்கும் என நம்பினேன்.

முதல் அணியின் பெயர்களைக் கொண்டே இரண்டாவதன் நிரைகளை வரிசைப்படுத்தக் கட்டளையிட்டாள் மகள். பொறி மறுத்தது! 2006இல் பாண்டிச்சேரி புதுச்சேரியாயிற்று. பழைய அணியில் புதிய பெயர் இல்லை. அம்மறுப்பு எனக்கு மகிழ்வே தந்தது. பெயரைத் திருத்தியதும் கணக்கு நேராயிற்று.

பின்னர் இரண்டாண்டுத் தொகைகளையும் ஓரணியாக்கி, காரைக்கால் நிரையை மட்டும் பிரித்தெடுத்தேன். ஆண்டுகளின் பெயர் நிற்க, ஊர்ப்பெயர் உதிர்ந்துவிட்டது. 'டிராப்' வேண்டா எனக் கட்டளையில் சேர்த்தால்தான் அது நிலைக்குமாம். தேவையில்லாத இடத்திலும் இப்போது அதைச் சேர்த்தே எழுதுகிறேன், மகள் நகைக்கிறாள்.