ஆழத்தில் அகந்தை
தோட்டக் கிராணியாகிய யான், விடுமுறைதோறும் பெர்ஹெந்தியான் தீவில் கடல்மூழ்கிப் பழகியவன். 50 முறை மூழ்கினேன் என்னும் மமதையால், காற்றை விரைவில் தீர்த்துவிடும் புதியோரைப் படகில் நகைத்ததுமுண்டு.

ஒருநாள் 18 மீட்டர் ஆழத்தில் என் காற்றே முதலிற் குறைந்தது. அங்கு அழுத்தம் மேற்பரப்பினும் ஏறக்குறைய மும்மடங்கு. காற்றும் அவ்வளவு விரைவாய்ச் செலவாகும். 200 பாரில் தொடங்கிய காற்றுமானி 70க்கு இறங்கியும், பிறர் நகைப்பரென்றஞ்சி அதனை மறைத்தேன். துணைவந்த புதிய இளைஞன் அதை எட்டிப் பார்த்தான், பெருவிரலை உயர்த்தினான். மேலேறுவோம் என்பதே அச்சைகை. யார் காட்டினும், காரணம் கேளாது உடன் மேலேறுவதே மூழ்குவோர் மரபு.

படகில் மற்றவர் வினவ, "எனக்குக் குளிரெடுத்தது, ஐயா" என்றான் அவன். என் உயிரைக் காத்தவன் மானத்தையுங் காத்தான்.

நேயர்காள்! இன்று மானியை முதலிற் காட்டுபவன் யானே.