மீன் தொட்டிக்குள் போகும் காசு

"மனுசருக்கே சாமான் வாங்கக் காசில்லை, இதுக்குள்ள மீனுக்குச் சாப்பாடோ?" வீட்டில் மீன் வளர்க்கும் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அம்மா கேட்பா, வந்து போகிற மாமியும் கேட்பா. அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நானும் தங்கச்சியும் ஒரு பழைய கொப்பியில் மீன் கணக்கு எழுதத் தொடங்கினோம். எங்களுடையதை மட்டுமில்லை, ஒழுங்கையில் மீன் வைத்திருக்கிற சிநேகிதர்களிடமும் கேட்டு எழுதினோம்.

தீனிக்கும் கரண்டுக்கும்தான் காசு போகுது எண்டு கனபேர் நினைக்கிறார்கள். கொப்பி அப்படிச் சொல்லவில்லை. செத்த மீனுக்குப் பதிலாகத் திரும்ப மீன் வாங்குவதும், சாகப்போகிற மீனுக்கு மருந்து வாங்குவதும்தான் முதல் இடம். அதுவும் தொட்டி வாங்கின முதல் இரண்டு மாதத்துக்குள்.

காரணம் அவசரம். தொட்டி, கல்லு, லைற், மீன் எல்லாத்தையும் ஒரே நாளில் வாங்கி, அண்டைக்குப் பின்னேரமே மீனை விடுகிறார்கள். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்கள் புதுத் தொட்டியில் இருக்காது. உயிரியல் படித்தவர்களுக்கு இது நைத்திரசன் வட்டம், பரீட்சைக்குப் பாடமாக்கியதுதான். அந்தப் பற்றீரியாக்கள் பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை மீன் தன் நஞ்சிலேயே நீந்தும். நாலு மீன் செத்தால் பெடியனுக்கு "உனக்கு மீன் ராசியில்லை" எண்டு சொல்லிவிடுவார்கள், நாவூறு பட்டிட்டுது எண்டும் சொல்லுவார்கள். அவனும் தொட்டியைக் கவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவான். காசில்லாத வீட்டுப் பிள்ளை இரண்டாம் தரம் தொடங்குவதில்லை. எங்களுக்கு அதுதான் கவலை.

இதற்கு மருந்து கடையில் இல்லை. பழைய தொட்டி வைத்திருக்கிற ஒருவரிடம் போய், அவருடைய பில்டர் ஸ்பொஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணியை ஒரு போத்தலில் கேட்டு வாங்குங்கோ. பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டிய பற்றீரியா அதுக்குள்தான். அதை ஊற்றி, இரண்டே இரண்டு மீனோடு தொடங்கி, மிச்சத்தை ஒரு மாதம் கழித்து வாங்கலாம். ஸ்பொஞ்சைக் கழுவும்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே அலசவேண்டும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணி பற்றீரியாவைக் கொன்றுவிடும்.

அடுத்தது, எந்த மீன் என்பது. யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். எங்கட கிணத்துத் தண்ணியைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணியில் குப்பி, மொலி, பிளாற்றி, சுவோட்டெயில் எல்லாம் சுகமாக இருக்கும். நியோன் ரெற்றாவும் டிஸ்கஸும் அமேசன் பக்கத்து மென்தண்ணி மீன்கள். அதுகளை வாங்கினால் தண்ணியை மாற்றுகிற சாமானுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேணும். தண்ணிக்கு ஏற்ற மீனை வாங்குவது, மீனுக்கு ஏற்ற தண்ணியை வாங்குவதைவிட எப்போதும் மலிவு.

கரண்ட் கணக்கு வேறு. 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னுமொரு 66 வீதமும் கூடியபோது கனபேர் தொட்டியை விற்றார்கள். மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் கட்டணமே வேறு வகுப்புக்குப் போய்விடும் என்பதால் அந்தப் பயம் சும்மா இல்லை. 5 வாற்ஸ் காற்றுப் பம்ப் ஒன்று இரவு பகலாக ஓடினால் மாதம் 3.6 யூனிற். 10 வாற்ஸ் எல்இடி லைற் நாளுக்கு 8 மணித்தியாலம் எரிந்தால் 2.4 யூனிற். இரண்டும் சேர்த்து 6. எங்கட வெக்கைக்கு ஹீற்றர் தேவையே இல்லை. விற்கிறார்களே எண்டு வாங்காதேங்கோ. 50 வாற்ஸ் ஹீற்றர் பாதி நேரம் வேலை செய்தாலே மாதம் 18 யூனிற். காற்றுப் பம்போடு ஒரு ஸ்பொஞ்ச் பில்டர், அவ்வளவும் போதும்.

மின்வெட்டு வந்தால்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தது ஞாபகம் இருக்கும். பற்றரிப் பம்புக்கு எங்களிடம் வழியிருக்கவில்லை. அந்த நாட்களில் தீனியை நிறுத்தினோம். வெறும் வயிற்று மீன் கழிவும் குறைவாகவே விடும், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் சாகாது. மற்றது செம்பு. தொட்டித் தண்ணியை அள்ளி ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப அதுக்குள்ளேயே ஊற்றவேண்டும். ஒட்சிசன் தண்ணியின் மேற்பரப்பால்தான் உள்ளே போகிறது, மேற்பரப்பைக் கலக்கினால் போதும். முறை போட்டு இரவிலும் எழும்பி ஊற்றினோம். ஒரு மீனும் சாகவில்லை. தொட்டியில் மீன் குறைவாக இருந்ததும் உதவியது.

தீனியில் மிச்சம் பிடிக்கிறது லேசு: குறைவாகப் போடுங்கோ. இரண்டு நிமிசத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு இரண்டு தரம். மிஞ்சினது அடியில் அழுகி அமோனியா ஆகும். நுளம்புக் குடம்பி மீனுக்கு விருந்து. ஆனால் வாளியில் தண்ணி வைத்து வளர்த்தால் கொஞ்ச நாளிலேயே நுளம்பாகிப் பறந்துவிடும், டெங்குக் காலத்தில் பிஎச்ஐ வந்தால் தண்டப்பணமும் கட்டவேண்டிவரும். தற்செயலாகக் கிடைத்ததை மட்டும் வடித்துப் போடுங்கோ. காய்ந்த வாதுமை இலையைப் பக்கற்றில் போட்டு விற்கிறார்கள். பள்ளிக்கூட வளவில் சும்மா கொட்டிக் கிடக்கிறது. கிழமைக்கு ஒருக்கா மாற்றுகிற கால்வாசித் தண்ணியை நாங்கள் கத்தரிக் கன்றுக்கு ஊற்றுகிறோம். நைத்திரேற்று உள்ள தண்ணி, பசளை வாங்குகிற செலவில் ஒரு துளி குறையும்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடமும் உண்டு. கண்ணாடி வெட்டுவித்து நீங்களே தொட்டி ஒட்டலாம். ஆனால் குளியலறைக்கு விற்கிற பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள மருந்து மீனைக் கொல்லும். தொட்டியின் அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. சின்னக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பது மலிவு மாதிரித் தெரியும். அது கனக்கக் கழிவு விடுகிற மீன், பெரிதாக வளருகிற மீன். கிண்ணத்தில் அது வாழ்வதில்லை, மெதுவாகச் சாகிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் ஏறத்தாழ 56 லீற்றர் பிடிக்கும். காசு இல்லாவிட்டால் மீன் சந்தையில் ஐஸ் வைக்கிற ரெஜிபோம் பெட்டியைக் கேளுங்கோ. கண்ணாடி வழியே பார்க்க முடியாது, மேலே இருந்துதான் பார்க்கவேண்டும். குப்பிக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

குப்பி மாதத்துக்கு ஒருக்கா குட்டி போடும். எங்கள் கொப்பியில் வரவுப் பக்கம் அப்படித்தான் தொடங்கியது. கடைக்காரர் குட்டிகளை எடுத்துக்கொண்டு தீனிப் பக்கற் தருகிறார், ஒழுங்கைப் பெடியளுக்குச் சும்மாவும் கொடுக்கிறோம். மிஞ்சினதைக் குளத்தில் மட்டும் விடாதேங்கோ. தொட்டி துப்புரவாக்க வாங்கின சக்கர் மீனை அப்படி விட்டுத்தான் அது இப்ப நாட்டின் ஆறு குளங்களில் பெருகிக் கிடக்கிறது. ஆண் மீனை மட்டும் வளர்த்தால் இந்தத் தலையிடியே இல்லை, வடிவான வாலும் ஆணுக்குத்தான். தங்கச்சி இன்னும் சம்மதிக்கிறாள் இல்லை.