இடக்கரடக்கலுக்கு ஆன செலவு

ஒவ்வோர் ஆண்டும் நன்னூல் நடத்தும்போது தகுதி வழக்கு என்னும் பகுதிக்கு வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, முதலாவதற்கு வழிவழியாக வரும் எடுத்துக்காட்டைச் சொல்வேன்: கால் கழுவி வந்தான். கடைசி வரிசையில் யாரேனும் சிரிப்பார்கள். அவையில் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்வது சான்றோர் மரபு என்றும், தொல்காப்பியர் இதனை அவையல் கிளவி என்பார் என்றும் விளக்கிவிட்டு மங்கலத்துக்குப் போய்விடுவேன். பதினெட்டு ஆண்டுகளாக இப்படித்தான். மறைத்துச் சொன்ன பொருளுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை, வாழவந்தியில் எங்கள் வீட்டுக் கழிப்பறையை மாற்றிக் கட்டத் திட்டமிட்ட 2024-ஆம் ஆண்டில்தான் அறிந்தேன்.

வாழவந்தி சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி. காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அந்த மரங்களில் ஏறிய மிளகுக் கொடி என்று போகும் சரிவுகள். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பிதான் எங்கள் குடும்பத்துக்கும் சோறு போட்டது. அப்பா ஒரு தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். ஆள் கணக்கு, மூட்டைக் கணக்கு எழுதிப் பழகிய கை. 1986-இல் வீடு கட்டியபோது அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டு, காலணா விடாமல் எழுதிவைத்தார். அப்பா போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நோட்டு மட்டும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கருங்கல் இத்தனை லோடு, ஓடு இத்தனை, நிலைக்குத் தேக்கு, சுண்ணாம்பு, தச்சர் கூலி, சாமி அலமாரி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தலைப்பு. கழிப்பறைக்கு மட்டும் தலைப்பு இல்லை. கடைசிப் பக்கத்தில் ‘இதர செலவு – 1,140’ என்று ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். “அதுவா, பின்னாடி கட்டுனதுக்கு” என்றாள்.

பின்னாடி கட்டியது வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்து, பதினான்கு கற்படிகள் இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே போக வேண்டும். ஐப்பசி முதல் தை வரை அந்தப் படிகளில் பாசி படிந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும் மாதங்கள் அவை. சில ஆண்டுகளாகக் காட்டெருமைகளும் வீடுகளுக்கு அருகே வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. நானும் மனைவியும் வேலையின் பொருட்டுச் சேலத்தில் இருக்கிறோம். வார இறுதியில் மலையேறுவோம். அப்போது அந்தப் படிகளில் நானும்தான் இறங்கி ஏறினேன். எனக்கு அது ஓர் இயற்கைக் காட்சியாகத் தெரிந்ததே தவிர, எழுபத்து நான்கு வயதான ஒருத்தி இரவு இரண்டு மணிக்குப் போக வேண்டிய வழியாகத் தெரியவில்லை.

2023 டிசம்பரில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து சேலத்தில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று பெண் மருத்துவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். மருத்துவர் புரிந்துகொண்டு என்னை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது: சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. இரவில் எழுந்து அவ்வளவு தூரம் போகாமல் இருப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழி அது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வரும் வழியில் கேட்டேன். “இதையெல்லாம் எப்படிடா உங்கிட்டச் சொல்றது?” என்றாள். பதினெட்டு ஆண்டுகளாக இடக்கரடக்கல் நடத்துகிறவனிடம் அதற்கு விடையில்லை.

உடனே காரியத்தில் இறங்கினேன். அம்மாவின் அறையை ஒட்டி, ஒரு காலத்தில் காப்பி மூட்டை அடுக்கிய சாமான் அறை இருக்கிறது. ஆறடிக்கு ஏழடி. அதையே கழிப்பறையும் குளியலறையுமாக மாற்றிவிடலாம் என்று முடிவு. சேலத்தில் இரண்டு கடைகள் ஏறி இறங்கி, படங்கள் பார்த்து, நானே ஒரு மதிப்பீடு எழுதினேன். பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, மழைபோல் நீர் கொட்டும் குழாய், கருங்கல் மேடைமேல் கைகழுவும் தொட்டி. மொத்தம் 2,20,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கும் விண்ணப்பம் வாங்கிவைத்தேன். இப்போது அந்தத் தாளைப் பார்க்கையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அது வருகிற விருந்தாளிகளுக்காகப் போட்ட திட்டம். அந்த அறையை நாள்தோறும் பயன்படுத்தப் போகிறவளிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, டைல்ஸ் எந்த நிறத்தில் வேண்டும் என்பது.

உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை வரச்சொன்னேன். ஐம்பது வயதிருக்கும். என் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனார்.

“அம்மா, உக்காந்து எந்திரிக்கறப்ப எந்தக் கைய ஊனுவீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா குனியவில்லை.

“வலது முட்டி மடங்கறதில்ல கண்ணு. இடது கையச் செவுத்துல ஊனித்தான் எந்திரிப்பேன். ராத்திரியில செவுரு சில்லுன்னு இருக்கும், கை வழுக்கும்.”

“தடவ எத்தன வாட்டி எந்திரிக்கறீங்க?”

“தண்ணி குடிச்சா மூணு வாட்டி.”

“சேர் மாதிரி வச்சுட்டா ஆவுமா?”

“சேர்ல உக்காந்துக்கிட்டு எப்படிப் போறது? பழக்கமில்லையே. ஆனா முட்டி கேக்காது. வச்சிரு.”

கொத்தனார் வீட்டிலிருந்த முக்காலி ஒன்றையும் நாற்காலி ஒன்றையும் சாமான் அறைக்குள் கொண்டுபோய், அம்மாவை இரண்டிலும் உட்காரவைத்து எழச்சொன்னார். முக்காலியிலிருந்து எழ முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது இடது கை போய் நின்ற இடத்தில், சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். எனக்கு மூன்றாண்டுகளாகத் தெரியாமல் இருந்தது அவருக்குக் கால்மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அவர் செய்ததெல்லாம் கேட்டது மட்டுமே.

பிற்பாடு, தடையற்ற கட்டடங்களுக்கென மத்திய அரசு 2016-இல் வெளியிட்டு 2021-இல் திருத்திய நெறிமுறைகளைத் தேடிப் படித்தேன். கமோடின் இருக்கை 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், கதவுத் திறப்பு 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் உள்ளன. கொத்தனார் நாற்காலியை வைத்துக் கண்ட உயரம் பதினெட்டரை அங்குலம். அதாவது 47 சென்டிமீட்டர். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசற்படி கிடையாது. தரையின் வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம். வாட்டம் என்ற சொல்லுக்குச் சோர்வு, மெலிவு என்று பொருள் சொல்லியே பழகிய எனக்கு, நீர் ஓடுவதற்கான சரிவும் அதுதான் என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்த சிக்கல் நிலத்தடியில் இருந்தது. பழைய கழிப்பறையின் குழி ஒற்றைக் குழி. அதற்குக் கீழ்ச்சரிவில், முப்பதடி தூரத்தில், ஒரு குடும்பம் நீர் எடுக்கும் ஊற்று இருக்கிறது. கழிவுநீர்க் குழிக்கும் குடிநீருக்கும் இடையே பத்து மீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மலைச்சரிவில், விரிசல் விட்ட பாறையில், அதுவும் போதாது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மாவை எது வாய்திறக்கவிடவில்லையோ அதுவே அவர்களையும் தடுத்திருக்கிறது. ஊற்றின் பக்கத்தை விட்டு, வீட்டின் மறுபுறம் குழி எடுப்பது என்று தீர்மானித்தோம். அதற்குக் கூடுதலாக ஐம்பதடி குழாய் தேவைப்பட்டது.

குழி இரட்டைக் குழி. 1970-இல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் நாடெங்கும் பரப்பிய முறை இது. ஒரு நேரத்தில் ஒரு குழிதான் பயனில் இருக்கும். அது நிறைந்ததும் இடைத்தொட்டியில் வழியை மாற்றி மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிவைத்தது ஓரிரு ஆண்டுகளில் நாற்றமற்ற மக்கிய எருவாகிவிடும்; காப்பிச் செடிக்கே போடலாம். மனிதர் எவரும் அந்தக் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் முக்கியம். கையால் மலம் அள்ளும் வேலையில் ஒருவரை அமர்த்துவதை 1993-இலும் பின்னர் 2013-இலும் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டத்துக்குப் பிறகும் குழிகளில் மனிதர் இறங்கி இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு வீட்டின் இடக்கரடக்கலுக்கு ஆன செலவை அந்த வீட்டுக்கு வெளியே உள்ளவர்கள் தங்கள் உயிரால் கட்டுவது அது.

இனி கணக்கு. அப்பாவின் நோட்டில் எஞ்சியிருந்த தாள்களிலேயே எழுதினேன். கொத்தனாருக்குப் பன்னிரண்டு நாள், நாளொன்றுக்கு 1,100. உடன் ஒரு சித்தாள், நாளொன்றுக்கு 650. பிளம்பருக்கு 6,000. ஆகக் கூலி 27,000. சிமென்ட், எம்.சாண்ட், ஜல்லி, லாரி வாடகை 17,000. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று கடை விலை, மற்றது மலை விலை. சொரசொரப்பான டைல்ஸ், வெட்டுச்சேதம் சேர்த்து 200 சதுர அடி, 10,000. குழாய்ச் சாமான்கள் 9,500. மின்வேலை 5,500. மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என இரு அளவில் நீர்விடும் தொட்டியோடு கமோடு 8,500; பங்குனி, சித்திரையில் எங்கள் கிணறு வற்றும் என்பதால் அந்த மூன்று லிட்டர் ஒரு பொருட்டுதான். துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடிகள் மூன்று, 4,500. மூன்றடிக் கதவு 7,000. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு 4,000. இரண்டு குழிகளுக்கும் உறை இறக்க 20,000. கூட்டினால் 1,13,000. எதிர்பாராததற்கென்று 12,000 ஒதுக்கினேன். என் முதல் திட்டத்தைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் குறைவு. கண்ணாடித் தடுப்பும் கருங்கல் மேடையும் போயின. முதல் தாளில் இல்லவே இல்லாத கைப்பிடிகளும் குழிகளும் வந்தன.

எதிர்பாராதது வரத்தான் செய்தது. குழி இரண்டடி இறங்கியதும் பாறை. சேர்வராயன் மலையின் எலும்பே சார்னோக்கைட் என்னும் கருங்கல்தான்; உளி வைத்துத்தான் உடைக்க வேண்டியிருந்தது. அதற்கு 9,000. விரிசல் வழியாகக் கழிவுநீர் ஓடிவிடாமல் குழிகளின் அடியைப் பூசி, சுற்றிலும் அரை மீட்டர் அகலத்துக்கு மணல் நிரப்ப 6,500. கூடுதல் நாள்களின் கூலி 4,500. ஆக 1,33,000. ஒதுக்கியதற்கு மேல் 8,000 போயிற்று. மதிப்பீடு போடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். கண்ணுக்குத் தெரிகிற பொருள்களில் கணக்குப் பெரிதும் தவறுவதில்லை. தரைக்குக் கீழே, சுவருக்குள்ளே, வாய்க்குள்ளே இருப்பவற்றில்தான் தவறுகிறது.

கூலி வாங்கும்போது கொத்தனார் ஒன்று சொன்னார். 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் தொகைக்குள் அடக்கி மலையில் பல கழிப்பறைகள் அவர் கட்டியிருக்கிறார். “உங்க எதிர்பாராத செலவு இருக்குதே சார், அதுல நான் ஒரு முழுக் கக்கூசையே கட்டி முடிச்சிருக்கேன்.” குத்தலாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அவற்றிலும் யாருக்காவது கைப்பிடி வைத்தீர்களா என்று கேட்டேன். “அதுக்கு எங்க சார் காசு? மூங்கில் கழி ஒன்னு நட்டுக்குடுப்பேன்” என்றார்.

கக்கூஸ் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற சொல் என்பார்கள். நம் சொற்கள் எல்லாம் மறைக்கும்போது, அயல் சொல் ஒன்றுதான் பெயரைச் சொல்லியிருக்கிறது. எங்கள் வட்டாரத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் தம் தொகுப்பொன்றுக்குப் ‘பீக்கதைகள்’ என்றே தலைப்பிட்டார். அதை முதலில் பார்த்தபோது முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இடக்கரடக்கல் வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. அவையில் அது இருக்கட்டும். வீடு அவையல்லவே. வீட்டில் வயதானவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதற்கு அதை நாம் ஒரு சாக்காக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

நோட்டில் இந்தச் செலவுக்குத் தலைப்பு எழுத வேண்டியிருந்தது. ‘குளியலறைச் சீரமைப்பு’ என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, ‘அம்மாவின் கழிப்பறை’ என்று எழுதினேன்.

பிப்ரவரிக் கடைசியில் வேலை முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போன அம்மா கதவருகே நின்று சொன்னாள்:

“சொம்புல தண்ணி மொண்டு தலமாட்டுல வச்சுட்டுப் போடா. ராத்திரியில தாகமா இருக்குது.”