சிவப்புக் கட்டடத்து எழும்பூர்

சின்னசேலம் பக்கத்து நைனார்பாளையத்துக்காரர்களுக்கு மெட்ராஸ் என்றாலே எழும்பூர்தான். சின்னசேலத்தில் இரவு ரயில் ஏறினால் விடியும் முன்னே கொண்டுபோய் இறக்கிவிடும். கோர்ட்டு வேலையோ, ஆஸ்பத்திரியோ, பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதோ, எதற்குப் போனாலும் பட்டணம் முதலில் காட்டுவது ரயில் நிலையத்தின் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத்தான். அண்ணாந்து பார்க்காதவர் குறைவு. கட்டியது யார் என்று கேட்டால்தான் பதில் வராது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த கிராமம் எழும்பூர். நிர்வாகக் கதை அவ்வளவுதான். ஊருக்கு முகம் கொடுத்தவர் ஹென்றி இர்வின் என்ற அயர்லாந்துக்காரர். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். மைசூர் அரண்மனையும் அவர் வரைந்ததே. எழும்பூரில் நடந்தே பார்த்துவிடும் தூரத்தில் அவருடைய மூன்று கட்டடங்கள் நிற்கின்றன.

மூத்தது கன்னிமாரா நூலகம். 1890-இல் அடிக்கல், 1896 டிசம்பர் 5-இல் திறப்பு. பழைய மண்டபத்தில் கால் வைத்ததும் கண் தானாக மேலே போகும். கூரையில் வண்ணக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன் வழியே இறங்கும் வெயில் காட்டம் குறைந்து, தேக்கு மேசைமேல் மெல்லிய நிறமாக விழுகிறது. வெளியே சித்திரை கொளுத்தும்போதும் உள்ளே படிக்க முடிந்ததற்கு அந்த உயரமும் அந்த வெளிச்சமும்தான் காரணம்.

அதே வளாகத்தில் 1909-இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம், பிற்பாடு தேசியக் கலைக்கூடம் ஆனது. பதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசாவை மனத்தில் வைத்து எழுப்பிய முகப்பு. கல் சத்தியவேட்டிலிருந்து வந்த இளஞ்சிவப்பு மணற்கல். கட்டியவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. மொகலாய வடிவத்தை நம் பக்கத்துக் கல்லில், நம் ஆட்களைக் கொண்டு நிறுத்திய துணிச்சல் பெரியது.

மூன்றாவதுதான் ரயில் நிலையம். 1905-இல் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11-இல் திறந்தார்கள். தென்னிந்திய ரயில்வேயின் ஈ.சி. பேர்டும் இர்வினோடு வடிவமைப்பில் பங்கெடுத்தார். கட்டியவர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. செலவு 17 லட்சம் ரூபாய். இதற்குச் சில மாதங்கள் முன்புதான் வாஷிங்டனில் அமெரிக்கர் டேனியல் பர்னம் வடிவமைத்த யூனியன் ஸ்டேஷனுக்கு முதல் ரயில் வந்தது. அவர் ரோமாபுரி வளைவுகளைத் தேடிப் போனார். இங்கே செங்கல்லும் வெள்ளைக் கல் விளிம்பும் குவிமாடமுமாக இந்திய முகம் அமைந்தது. வண்டியை நடைமேடைக்கே ஓட்டிவந்து ரயில் பெட்டி அருகில் இறங்க முடிந்தது எழும்பூரின் பெருமையாக இருந்தது. வயதானவர்களோடு பயணம் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நிலையத்தின் முன்னால் ஓடும் சாலைக்குக் காந்தி இர்வின் சாலை என்று பெயர். கட்டடக்காரருக்குச் செய்த மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. அந்த இர்வின், 1931-இல் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய்.

இப்போது நிலைமை என்ன? கலைக்கூடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அதை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போனார்கள். நிலையத்தில் 734.91 கோடி ரூபாய் சீரமைப்புக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். வசதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மின்தூக்கியும் வாகன நிறுத்தமும் தேவைதான். ஆனால் அதற்காக நிழல் மரங்களை வெட்டியதை எப்படி ஏற்பது? நூறாண்டு முகப்பைப் புதிய அடுக்குமாடிகள் மறைத்துவிடக் கூடாது என்று கேட்பது அதிகமா? கோடிகளில் ஒரு துளி போதும், இர்வின், பேர்டு, சாமிநாத பிள்ளை மூவரின் பெயரையும் தமிழில் வெட்டி, இறங்கி வருகிற பயணியின் கண்ணில் படும் இடத்தில் ஒரு கல் நட.