புதிருக்கு ஒரு பெயர்

தமிழ் இலக்கணம் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரண்டாகப் பகுக்கும். மண், மரம் என்பன இடுகுறிப்பெயர்கள். பறத்தலால் பறவை, நான்கு கால் உடைமையால் நாற்காலி என்பன காரணப்பெயர்கள். இப்பகுதியை முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் யான். ஆயினும், 'இதன் இயல்பு இன்னும் விளங்கவில்லை' என்பதனையே காரணமாகக் கொண்டு ஒரு பொருளுக்குப் பெயர் அமைந்த வரலாற்றை ஓய்வு பெற்ற பின்னரே படித்தறிந்தேன். அப்பொருள் நம் ஒவ்வொருவர் உடலிலும் உள்ளது. அதன் பெயர் ஸ்பிங்கோசின்.

அப்பெயரை இட்டவர் துடிக்கம் என்னும் அறிஞர். 1829ஆம் ஆண்டில் செர்மனி நாட்டில் பிறந்து, மருத்துவமும் வேதியியலும் கற்று, இலண்டன் மாநகரில் குடியேறியவர் அவர். மனிதர், மாடு முதலியவற்றின் மூளை எத்தகைய பொருள்களால் ஆயது என்பதனைப் பல ஆண்டுகள் இடைவிடாது ஆராய்ந்தார். மூளையிலுள்ள கொழுப்புப் பொருள்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கையில், அதுவரை எவரும் அறியாத ஒரு பொருள் அவருக்குக் கிடைத்தது. அஃது எத்தனிமங்களால் ஆயது என்பதனைக் கணக்கிட்டார். ஆனால், அதன் தன்மை பல வகையிலும் அவரை மயங்கச் செய்தது. 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், புதிர் போடும் ஸ்பிங்ஸ் என்னும் கற்பனை விலங்கின் பெயரால் அதற்கு ஸ்பிங்கோசின் என்று பெயர் சூட்டினார்.

ஸ்பிங்ஸ் என்பது யாது? கிரேக்கர் கதைகளில் வரும் அவ்விலங்கிற்குப் பெண்ணின் தலையும் சிங்கத்தின் உடலும் உண்டு. நம் நாட்டுக் கோயில் தூண்களிலும் வாகனங்களிலும் காணப்படும் புருஷாமிருகத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வுருவம் புதியதன்று. உத்திரமேரூரை அடுத்துள்ள எங்கள் ஊராகிய திருப்புலிவனத்தில் வாழ்வோர்க்கோ மனிதனும் விலங்கும் கலந்த வடிவம் மிகவும் பழகியது. வண்டு தீண்டாத மலர்களை மரமேறிப் பறித்து இறைவனுக்குச் சூட்டும்பொருட்டுப் புலிக்கால் பெற்ற வியாக்கிரபாத முனிவர் வழிபட்ட தலம் இஃது என்பது ஊர் வழக்கு.

ஸ்பிங்ஸ் தீபை நகரின் வழியில் அமர்ந்து, வருவோரை எல்லாம் ஒரு கேள்வி கேட்குமாம். "காலையில் நான்கு காலாலும், நண்பகலில் இரு காலாலும், மாலையில் மூன்று காலாலும் நடப்பது எது?" விடை கூறாதவர் உயிர் இழப்பர். ஈடிபஸ் என்பவன் ஒருவனே, "மனிதன்" என விடை பகர்ந்தான். தவழும் குழவியும், நிமிர்ந்து நடக்கும் இளைஞனும், கோலூன்றும் முதியவனும் மனிதனே அன்றோ?

ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதும் நல்லாசிரியர், செல்லரித்த இடத்தில் தம் மனம்போன சொல்லைப் பெய்து நிரப்பார். அவ்விடத்தில் புள்ளியிட்டு விடுவார். பின் வருவோர் வேறு ஏடு கண்டு அதனை நிரப்புவர். துடிக்கம் செய்ததும் அதுவே. எனினும், அக்கால வல்லுநர் பலர் அவர்தம் முடிவுகளை ஏற்கவில்லை. மூளையின் கொழுப்பெல்லாம் ஒரே பொருள்தான் என்று அவர்கள் வாதிட்டனர். தம் ஆய்வின் பெருமையை உலகம் முழுதும் உணருமுன்பே, 1901ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

புள்ளியிட்ட இடம் மெல்ல மெல்ல நிரம்பியது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கார்ட்டர் என்பவர் ஸ்பிங்கோசினின் அமைப்பைத் தெளிவாக்கினார். அப்பொழுதும், இவ்வகைக் கொழுப்புகள் உயிரணுக்களின் சுவரில் செங்கற்கள் போல அமைந்தவை என்றே பெரும்பாலோர் கருதினர். 1986ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. சுவரிலுள்ள செங்கல்லே வேண்டும்போது பெயர்ந்து, தூதனாகிச் செய்தி சொல்லும் என்பது புலனாயிற்று. அத்தூதருள் தலைமையானது, ஸ்பிங்கோசினோடு பாஸ்பேட் என்னும் பகுதி சேர்ந்து உண்டாவது. அதன் பெயர் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்.

அத்தூதன் யாருக்குச் செய்தி சொல்கிறான்? காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால், தொடை இடுக்கில் ஒரு கட்டி தோன்றி வலிக்கும். "நெறி கட்டியிருக்கிறது" என்று நம் பாட்டிமார் தடவிப் பார்த்துச் சொல்வர். முள் தைத்தது காலில்; நெறி கட்டியது தொடையில். இளமையில் இஃது எனக்கு வியப்பாகவே இருந்தது. அந்த நெறி, நிணநீர்க் கணு என்னும் உறுப்பு வீங்கியதே ஆகும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு முதலிய இடங்களில் இக்கணுக்கள் காவற்சாவடிகள் போல அமைந்துள்ளன. குருதியில் உலவும் வெள்ளணுக்களுள் நிணவணு என்னும் வகையின, சாவடிதோறும் நுழைந்து, பகைக்கிருமி வந்துளதோ என ஆராய்ந்து, இல்லையேல் வெளியேறி அடுத்த சாவடிக்குச் செல்லும்.

சாவடியினின்று வெளியேறும் வழியை அவை அறிவது எங்ஙனம்? குருதியிலும் நிணநீரிலும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் மிகுதியாக உள்ளது. கணுவின் உள்ளிடத்திலோ அது மிகக் குறைவு. வெல்லத்தின் மணத்தை நாடி எறும்பு செல்வதுபோல, நிணவணுக்கள் குறைந்த இடத்தினின்று மிகுந்த இடத்தை நாடி வெளியேறுகின்றன. பூக்கடையில் நெடுநேரம் இருப்பவனுக்கு மணம் தோன்றாது. அவ்வாறே, குருதியில் உலவும் நிணவணு, தூதனை உணரும் ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கணுவினுள் சென்று தங்கியபின் மீண்டும் வெளிக்காட்டும். இவ்வேற்பி இன்றேல் நிணவணுக்கள் கணுவை விட்டு நீங்கா என்பது 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. கிருமி புகுந்த காலத்தில் உடல் இவ்வேற்பியைத் தானே மறைத்து, வீரர்களைச் சில காலம் சாவடியில் நிறுத்திப் போருக்கு ஆயத்தம் செய்கிறது. நெறி கட்டுதற்கு இதுவும் ஒரு காரணம்.

காவலர் சில வேளைகளில் ஊரையே பகையென மயங்குவதும் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில், நிணவணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் புகுந்து நரம்புகளின் உறையைத் தாக்குகின்றன. அழற்சி மிகுகிறது, கண் மங்குதலும், கால் தளர்தலும் நேர்கின்றன. பூச்சிகளின் உடலைப் பற்றி வளரும் ஒருவகைப் பூஞ்சையில், ஸ்பிங்கோசினை ஒத்த வடிவுடைய பொருள் ஒன்றைச் சப்பானிய அறிஞர் புசித்தாவும் அவர்தம் குழுவினரும் கண்டனர். அதனைத் திருத்தி அமைத்த மருந்தே பிங்கோலிமோட். நிணவணுக்களின் ஏற்பியை மறையச் செய்து, அவற்றைச் சாவடியிலேயே நிறுத்திவைப்பது அதன் தொழில். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அம்மருந்திற்கு ஒப்புதல் அளித்தது. நரம்பின் உறை ஸ்பிங்கோசினை உறுப்பாகக் கொண்ட கொழுப்புகள் நிறைந்தது. மூளையினின்று துடிக்கம் பிரித்தெடுத்த பொருளைப் பற்றிய அறிவு, அம்மூளையின் உறையையே காக்கும் மருந்திற்குத் துணையாயிற்று.

ஆயினும், காவலரைச் சாவடியில் அடைத்தால் ஊர்க் காவல் தளரும் அன்றோ? இம்மருந்தை உட்கொள்வோர்க்குத் தொற்றுநோய்கள் எளிதில் பற்றக்கூடும். முதல் வேளை மருந்தில் இதயத் துடிப்புக் குறையலாம் ஆதலின், மருத்துவர் அருகிருந்து காண்பர். அழற்சி முற்றும் தீயதும் அன்று. அஃது இன்றேல் சிறு முள்ளும் உயிருக்கு இறுதி ஆகும். அளவோடு எரியும் அடுப்பு உணவு தரும். அளவு மீறின் வீட்டையே எரிக்கும். அவ்வளவை அறிவதே இன்றைய ஆராய்ச்சியாளர்தம் முயற்சி.

மாணவர்களே! 1884ஆம் ஆண்டில் பெயர் பெற்ற புதிருக்கு, நூற்றிருபது ஆண்டுகள் கழித்து 2004இல் ஒரு பகுதி விடை கிடைத்தது. இடையில் உழைத்தோர் பல நாட்டினர். பெயர் விளங்காது போனோரும் பலர். துடிக்கம், தாம் அறியாததை அறிந்ததுபோல் காட்டியிருப்பின், பின்வந்தோர் அவ்விடத்தில் தேடியிருக்கவே மாட்டார்கள். வகுப்பில் ஆசிரியர் வினவும்போது, 'எனக்கு இது விளங்கவில்லை' என்று எழுந்து கூறும் மாணவனைப் பிறர் நகைப்பதுண்டு. நகையாதீர்கள். அறியாமையை நேர்மையாக ஒப்புக்கொண்டு, அதனை மறவாமல் மனத்தில் வைத்திருப்பவனே பின்னாளில் அதற்கு விடை காண்பான். அவன் காணாவிடினும், அவன் எழுப்பிய வினாவைக் கைக்கொண்டு மற்றொருவன் காண்பான்.