ஆர்தர் ராஜாவின் வீட்டு விவகாரம்

"கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்த்தீங்களா தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்காத வீடு இப்போது இல்லை. பார்த்தேன். இரண்டு சீசனுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. யார் யாருக்கு என்ன முறை என்று புரிந்துகொள்வதற்குள் தலை உருண்டுவிடுகிறது. நான் இன்று சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. கத்தி, கிரீடம், மந்திரவாதி, ஏரித் தேவதை எல்லாம் இருந்தும் பெரும்பகுதி சாப்பாட்டு மேசையிலும் கட்டிலிலுமே நடக்கிற ஒரு பிரெஞ்சுத் தொடரைப் பற்றி. பெயர் 'காமெலோத்'. பாரீசில் இருக்கும் என் தம்பி மகன் போன தடவை ஊருக்கு வந்தபோது முழுவதையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

பிரான்சில் எம் 6 தொலைக்காட்சியில் 2005 ஜனவரியில் ஆரம்பித்தது. எழுதியவர், இயக்கியவர், இசையமைத்தவர், ஆர்தராக நடிப்பவர் எல்லாம் ஒரே ஆள்: அலெக்சாந்த்ர் அஸ்தியே. அந்த நேரத்தில் அதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தது ஓர் ஆபீசின் காபி மெஷினைச் சுற்றி நடக்கும் நகைச்சுவைத் தொடர். அந்த இடத்துக்கு வந்தது இது. எனக்கென்னவோ காபி மெஷினை எடுத்துவிட்டு வட்டமேசையைப் போட்டார்கள், ஆபீஸ் அப்படியே இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஒரு எபிசோட் மூன்றரை நிமிஷம், அவ்வளவுதான். சீசன் என்று சொல்வதில்லை, 'லீவ்ர்', அதாவது புத்தகம் என்கிறார்கள். ஆறு புத்தகங்கள். நான் எழுதப்போவது நான்காவதைப் பற்றி.

அதற்கு முன் ஆட்களைச் சொல்லிவிட வேண்டும். ஆர்தர் ராஜா. அவர் மனைவி கெனியேவ்ர். அவளுடைய அப்பா லெயோதகான், கார்மெலீத் நாட்டு ராஜா, எதற்கெடுத்தாலும் தலையை வெட்டு என்பவர். அம்மா சேலி. மாமியார் பழத்தில் ஒரு தார்த் செய்து கொண்டுவந்து வைப்பார், கடித்தால் பல் போகும். ஆர்தர் ஒரு தேசத்தையே ஆள்பவர், ஆனால் அந்தத் தார்த்தை வேண்டாம் என்று சொல்லப் படாத பாடு படுவார். இந்த மாமனாராக நடிப்பவர் அஸ்தியேயின் சொந்த அப்பா, மாமியாராக நடிப்பவர் சொந்த அம்மா. வீட்டில் சேர்த்து வைத்ததையெல்லாம் தொடரில் தீர்த்துக்கொண்டாரோ என்னவோ.

பெர்சவால், கரதோக் என்று இரண்டு வீரர்கள். ஒருவருக்கு ஒன்றும் புரியாது, இன்னொருவருக்குச் சாப்பாட்டைத் தவிர ஒன்றும் புரியாது. எதிராளி சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டால், "அதுவும் தப்பில்லை" என்று சொல்லிவைத்தால் போதும் என்பது கரதோக் பெர்சவாலுக்குக் கற்றுக்கொடுத்த ரகசிய வித்தை. முப்பத்தாறு வருஷம் சர்க்கார் மீட்டிங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதியவன் நான். இந்த வித்தையில் கரைகண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாரும் பெரிய பதவியில் ரிட்டயர் ஆனார்கள்.

என் மனதுக்கு நெருங்கிய ஆள் பிளேஸ் சுவாமியார். வட்டமேசைக் கூட்டத்தில் ஒவ்வொரு வீரனும் சொல்லும் சாகசத்தை ஏட்டில் எழுதிவைக்கும் பொறுப்பு அவருடையது. பெர்சவால் ஒரு சம்பவத்தை ஆரம்பம், முடிவு, இடம், திசை எதுவும் இல்லாமல் சொல்லும்போது அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தவிக்கிற தவிப்பு இருக்கிறதே, மினிட்ஸ் எழுதியவனுக்குத்தான் அது தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்தரும் கெனியேவ்ரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறார்கள். அவர் ஏதாவது ஓலை படிப்பார், அவள் பேச்சுக் கொடுப்பாள். ஆனால் கணவன் மனைவியாக வாழவில்லை. அரண்மனையிலேயே ஆர்தருக்கு வேறு பெண்கள் இருக்கிறார்கள், ராணி அவர்களோடு சிநேகமாகவும் இருக்கிறாள். ஏன் இப்படி என்ற கேள்விக்குப் பதில் ஆறாவது புத்தகத்தில்தான் கிடைக்கிறது: ரோமில் வாலிபனாக இருந்தபோது அக்கோனியா என்ற பெண்ணை ரகசியமாக மணந்து, பின்னால் அரசியலுக்காக வேறொருத்தியைக் கட்ட நேர்ந்தாலும் அவளைத் தொடமாட்டேன் என்று கொடுத்த வாக்கு. ஒருத்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இன்னொருத்தியின் வாழ்க்கையைக் கட்டிலோரத்தில் வைத்துவிட்டார். தசரதன் காலத்திலிருந்தே ராஜாக்களின் வாக்குக்கு வட்டி கட்டுபவர்கள் வேறு ஆட்கள்தான்.

மூன்றாம் புத்தகத்தின் முடிவில் லான்ஸ்லோவுக்கும் ஆர்தருக்கும் பெரிய சண்டை. லான்ஸ்லோதான் வட்டமேசையிலேயே ஒழுங்காக வேலை செய்கிற ஒரே ஆள். நேரம் தவறாதவர், ஒரு சொல் கூட வீணாகப் பேசாதவர். சுற்றிலும் பெர்சவால்களும் கரதோக்குகளும். ராஜாவோ அந்த மடையர்களிடம் பொறுமையாக இருக்கிறார், அவர்களை நேசிக்கவும் செய்கிறார். இது லான்ஸ்லோவால் தாங்க முடியாத விஷயம். எந்த ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார், அவர் செய்வதெல்லாம் சரியாக இருக்கும், அவரோடு ஒரு டீ குடிக்க யாருக்கும் தோன்றாது. லான்ஸ்லோ காட்டுக்குப் போய்த் தனியாக ஒரு முகாம் போடுகிறார். ராணி கெனியேவ்ர் அரண்மனையை விட்டு அவரிடம் போய்ச் சேர்கிறாள்.

நான்காம் புத்தகம் இங்கே ஆரம்பிக்கிறது. ராணி போய்விட்டாள், ராஜா காலையில் எழுந்து உற்சாகமாக இருக்கிறார்! முதல் எபிசோடின் பெயர் 'தூ லே மத்தேன் த்யூ மோந்த்', 'உலகத்துக் காலைகள் எல்லாம்'. கடைசி எபிசோடின் பெயர் 'ல தெசோர்த்ர் எ லா நுயி', 'குழப்பமும் இரவும்'. இரண்டுமே பழைய படங்களின் பெயர்கள். இரண்டாவது 1958இல் ழான் கபேன் நடித்தது. காலையில் தொடங்கி இரவில் முடிகிற புத்தகம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நடுவில் என்ன நடக்கிறது? ஆர்தர் கரதோக்கின் மனைவி மெவான்வியின் மேல் மோகம் கொண்டிருக்கிறார். தன் வீரன் ஒருவனின் மனைவியைத் தொடுவது அவருக்கு விலக்கப்பட்டது. ஆகவே சட்டத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள்: மனைவிமாரை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம். மெவான்வி ராஜாவுக்கு, கெனியேவ்ர் கரதோக்குக்கு. காகிதத்தில் எல்லாம் சரி. காட்டில் இருக்கும் கெனியேவ்ரை யாரும் கேட்கவில்லை. ஃபைலில் எல்லாக் கையெழுத்தும் இருக்கும், சம்பந்தப்பட்ட ஆளின் கையெழுத்து மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட ஃபைல்களை நானும் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

மெவான்வியை ஊர் திட்டுவதுபோல் என்னால் திட்ட முடியவில்லை. தின்பதே வேலையாக இருக்கிற புருஷன், பிள்ளைகள். ஒரு ராஜா திரும்பிப் பார்த்தால் கிரீடம் தெரியத்தான் செய்யும். ஆனால் கிரீடத்தை ருசி பார்த்தவளைப் பழைய அடுப்படிக்கு அனுப்ப முடியாது என்பதையும் அஸ்தியே விடாமல் காட்டுகிறார். லெயோதகானும் சேலியும் இந்தச் சமயத்தில் படும் கவலைதான் வேடிக்கை. மகள் எங்கே இருக்கிறாள், சாப்பிட்டாளா என்பதல்ல, மகள் ராணியாக இல்லாவிட்டால் தங்கள் செல்வாக்கு என்ன ஆகும் என்பதே கவலை. சிரித்துக்கொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வரவில்லை.

காட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் புத்தகத்தின் உயிர். லான்ஸ்லோ வருஷக்கணக்காக மனதில் வைத்துப் பூஜித்த பெண் ஒருத்தி. முகாமுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற பெண் வேறொருத்தி. இவளுக்குச் சமைக்கத் தெரியாது, துவைக்கத் தெரியாது, பறவையைக் கண்டால் பயம். லான்ஸ்லோ பகலெல்லாம் படை திரட்டுகிறார், திட்டம் போடுகிறார். அவளுக்குப் பொழுது போகவில்லை. அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்ற பயம் அவருக்குள் வளர்கிறது. கடைசியில் அவளைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போகும் அளவுக்கு வந்துவிடுகிறார். கை ஓங்குவதில்லை, கத்துவதில்லை. மரியாதையாகத்தான் பேசுகிறார். அதுதான் பார்க்க முடியவில்லை.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் 'லகார்த் எ மிஷார்' என்ற தடித்த பிரெஞ்சு இலக்கியப் புத்தகம். அதில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவி கிரெத்தியேன் த த்ரூவாவின் 'வண்டியேறிய வீரன்' பகுதியைப் படித்தோம். மெலயாகான் என்பவன் ராணியைக் கடத்திப் போகிறான். லான்ஸ்லோ அவளை மீட்கப் போகிறார். குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏறினால் வழி தெரியும் என்கிறார்கள்; இரண்டே இரண்டு அடி தயங்கிவிட்டு ஏறுகிறார். கூரான வாளே பாலமாகக் கிடக்க, வெறும் கையாலும் காலாலும் ரத்தம் சொட்ட அதைக் கடக்கிறார். காதல் என்றால் அதுதான் என்று பதினாறு வயதில் நம்பியவர்கள் நாங்கள். வாத்தியாரும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்.

அஸ்தியே அந்தக் கதையை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டார். இங்கே அடைத்துவைத்தவர் லான்ஸ்லோ. மீட்கப் போகிறவர் ஒருநாளும் அவளைக் காதலிக்காத புருஷன். மெலயாகான் என்ற பெயரும் வருகிறது, லான்ஸ்லோவின் காதில் விஷம் ஊற்றும் கறுப்பு உடைக்காரனாக. எண்ணூறு வருஷத்துக் கதையைப் படித்தவனுக்குத்தான் இந்தத் திருப்பத்தின் முழு வலி தெரியும்.

கடைசி எபிசோடை நான் தனியாகப் பார்க்கவில்லை. என் அக்காவும் கூட இருந்தாள். எண்பதைத் தாண்டியவள், மடத்துப் பள்ளியில் சிஸ்டர்களிடம் படித்தவள், பிரெஞ்சு என்னைவிட நன்றாகப் புரியும். ஆர்தர் இரவில் முகாமுக்கு வருகிறார். படை இல்லை, சண்டை இல்லை. கட்டிலில் கட்டப்பட்டிருக்கும் மனைவியின் கட்டுகளை அவிழ்க்கிறார். அழைத்துக்கொண்டு போகிறார்.

அக்காவைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷம். அங்கே நடந்ததை அவள் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. அந்த மனிதர் வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார் என்பது மட்டும் பின்னால் தெரிந்தது. ஊரில் அவருக்கு நல்ல பெயர், அதிர்ந்து பேசமாட்டார். 1974இல் ஒரு நாள் அப்பா விடியற்காலை பஸ் ஏறிப் போனார். யார் தகவல் சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ராத்திரி அக்காவோடு வந்து இறங்கினார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை யாரும் கேட்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். வாழாவெட்டி என்று தெரு பேசியது. சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். அவர்கள் கவலையும் லெயோதகான் கவலைதான். அப்பா எல்லாருக்கும் காபி கொடுத்து அனுப்பினார். அக்கா டீச்சர் டிரெயினிங் படித்து, வேலை பார்த்து, பென்ஷன் வாங்குகிறாள்.

எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடின. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பெட்டியை எடுக்காம வந்துட்டாளே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அன்னைக்கு அப்பா வந்து என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'உன் பெட்டி எதும்மா?' அவ்வளவுதான். ஏன், என்னன்னு ஒண்ணும் கேக்கலை. பஸ்ஸுல சிதம்பரம் தாண்டினதும் ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாங்க."

ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது.

ஐந்தாம் புத்தகத்தில் எபிசோடுகள் கொஞ்சம் நீளம், ஏழு நிமிஷம். சிரிப்பும் குறைவு என்று தம்பி மகன் எச்சரித்திருக்கிறான். "இன்னைக்கே போடேன்" என்றாள் அக்கா. மணி பத்தாகிவிட்டது, மாத்திரை போட்டுக்கொண்டு படு, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மெவான்வி என்ன ஆனாள் என்பதையாவது சொல்லிவிட்டுப் போ என்று கேட்டுக்கொண்டே படுக்கப் போனாள்.